தேன் எந்தப் பானைக்கு?

தேனுக்கு உரிய இடம் எது என்று கேட்டால் பூசையறை, மருந்துக் குப்பி, சமையலறை என்று நம் பெரியோர் தயங்காமல் விடை கூறுவர். இப்போது நான்காவதாக ஓர் இடமும் பேசப்படுகிறது. அது பீர்ப் பானை.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில் வாழும் படித்த இளைஞர் சிலரிடையே இந்தப் பேச்சு எழக் காண்கிறோம். வேலை நிமித்தம் அயல்நாடு சென்று வந்தோரும், பெங்களூரில் உணவகத்திலேயே பீர் தயாரித்து வழங்கும் சிறு ஆலைகளைக் கண்டு வந்தோரும் அவர்களுள் உண்டு. ‘பார்லியும் ஈஸ்ட்டும் விலைக்குக் கிடைக்கின்றன, நம் நாட்டுத் தேனையும் சேர்த்து வீட்டிலேயே ஒரு பீர் தயாரித்துப் பார்த்தால் என்ன? தேன் வளர்ப்போருக்கும் அது ஆதரவாகுமல்லவா?’ என்பது அவர்கள் எழுப்பும் வினா.

நெசவாளரும் பயிரிடுவோரும் படிக்கும் இவ்விதழில் இதைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் கருதலாம். வினாவின் பிற்பகுதியே அதற்குக் காரணம். தேன் வளர்ப்போருக்கு ஆதரவு என்னும் சொல் வந்துவிட்டால், அது நம் வீட்டுச் செய்தியாகிவிடுகிறது. ஆகவே அந்த ஆதரவு மெய்யானதுதானா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நம் கடமை. மது அருந்துதல் நன்றா தீதா என்னும் பழைய வழக்கை இங்கு நாம் நடத்தப் போவதில்லை. தேன் பீருக்குள் சென்றால் என்ன ஆகிறது, அதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதே நம் விசாரணை.

ஈஸ்ட்டுக்கு விலை தெரியாது

தேனைப் புளிக்க வைப்பது புதுமையன்று. மலைவாழ் குறவர் மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேன் தேறலை அருந்திக் களித்ததைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. ஆனால் அது தேனே முதலாகிய பானம். பீர் வேறு. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து அதன் இனிப்பை இறக்கி, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட்டு இட்டுப் புளிக்க வைப்பது பீர். அதில் தேன் விருந்தாளியேயன்றி வீட்டுக்காரன் அன்று. ஜெர்மனியின் பவேரியாவில் 1516-இல் பிறந்த சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்னும் மூன்றைத் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கலாகாது என்றே விதித்தது.

தேனில் ஏறத்தாழ 80 சதவிகிதம் சர்க்கரை. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். மணம், நிறம், சிறு அளவில் அமிலங்கள், மகரந்தம் ஆகியவையே அதைத் தேன் ஆக்குகின்றன. கொம்புத் தேனுக்கும் முருங்கைப்பூத் தேனுக்கும் சுவை வேறுபடுவது அந்தச் சிறு பங்கினால்தான். ஈஸ்ட்டோ அந்தச் சிறு பங்கை நாடுவதில்லை. அதற்கு வேண்டுவது சர்க்கரை மட்டுமே. தேனிலுள்ள சர்க்கரையில் பெரும்பாலும் முழுவதையும் அது உண்டுவிடுகிறது. உண்ட சர்க்கரையில் சரிபாதி சாராயமாகவும் மறுபாதி கரியமில வாயுவாகவும் மாறுகிறது. வாயு மேலெழும்போது தேனின் மென்மையான மணத்தையும் உடன் இழுத்துச் சென்றுவிடுகிறது. தேனைக் கொதிக்கும் கலவையிலேயே சேர்த்தாலோ, ஈஸ்ட்டு தொடங்கும் முன்பே ஆவி அந்த மணத்தைக் கொண்டுபோய்விடும். இதனால்தான் கைதேர்ந்தவர்கள் அடுப்பை அணைத்த பின்போ, புளித்தல் வேகம் தணிந்த பின்போ தேனைச் சேர்க்கின்றனர். அப்படியும் மிஞ்சுவது மெல்லிய வாசனையே. இனிப்பு மிஞ்சுவதில்லை. தேன் சேர்த்தால் பீர் இனிக்கும் என்று எண்ணுவோர், அது முன்னிலும் வறண்டு, நீர்த்துப்போன சுவையுடன் இருக்கக் கண்டு ஏமாறுவர்.

ஓர் உண்மைக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க ஜனாதிபதி மாளிகையில் 2011-இல், அம்மாளிகைத் தோட்டத்துத் தேன்கூட்டிலிருந்து எடுத்த தேனைக் கொண்டு பீர் தயாரித்தார்கள். அதன் செய்முறையை 2012 செப்டம்பரில் உலகறிய வெளியிட்டார்கள். 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர் பீருக்கு அவர்கள் இட்ட தேன் 1 பவுண்டு. நம் அளவில் ஏறத்தாழ 450 கிராம். லிட்டருக்கு 24 கிராம் என்று ஆகிறது. இதனால் அந்த பீரில் கூடும் சாராயச் சத்து சுமார் 1.2 சதவிகிதம். அதே அளவு சாராயத்தை 360 கிராம் வெள்ளைச் சர்க்கரையும் தந்துவிடும். நம் ஊர் வெல்லமும் அதற்குச் சிறிதும் பின்வாங்காது. சர்க்கரையைப் போல் பன்மடங்கு விலையுள்ள ஒரு பொருளை இட்டு, சர்க்கரை செய்யும் வேலையை வாங்குவது எத்தகைய சிக்கனம்? அசல் சரிகையைக் கொண்டு கோணிப்பை தைப்பதை நெசவாளர் எவரும் ஆதரவு என்று கூறமாட்டார்.

சென்னையின் வெயிலும் சட்டமும்

மேல்நாட்டில் எழுதப்பட்ட செய்முறையைச் சென்னையில் அப்படியே நடத்துவதிலும் இடர் உண்டு. பீருக்கு வழங்கும் ஈஸ்ட்டு பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரி வெப்பத்தில் ஒழுங்காக வேலை செய்யும். நம் நகரில் மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. சித்திரைப் பகலைச் சொல்லவே வேண்டாம். வெப்பம் மிகுந்தால் ஈஸ்ட்டு தாறுமாறாக ஓடி, நாக்கைச் சுடுவனவும் தலைநோவு தருவனவுமான பொருள்களை உண்டாக்கும். தேனை உண்டு முடிக்கும் முன்பே புட்டியில் அடைத்து மூடிவிட்டால், உள்ளே வாயு பெருகிக் கண்ணாடி வெடிக்கும். அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் இது விளையாட்டான செய்தியன்று.

இவையனைத்தையும் விடப் பெரிய தடை சட்டம். ராஜாஜி அமைச்சரவை இயற்றிய 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. 1948-க்குள் அன்றைய சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டு, 1974-இல் மீண்டும் இறுகி, பின்னர் மறுபடி தளர்ந்தது. 1983-இல் அமைக்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்தி வருகிறது. இத்தனை மாறுதல்களிலும் அந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம் மறையவில்லை. அதன் 4-ஆம் பிரிவின்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ‘விற்பனைக்கு அன்று, எங்கள் வீட்டு உபயோகத்துக்கே’ என்று சொல்வது அந்தக் குற்றத்தைப் போக்காது. பிரிட்டனில் 1963-லும் அமெரிக்காவில் 1978-இல் இயற்றிய சட்டத்தாலும் வீட்டு உபயோகத்துக்கு பீர் தயாரிக்க இடம் ஏற்பட்டது. நம் மாநிலத்தில் அந்த இடம் இல்லை. அயல்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பானையை அடுப்பில் ஏற்றுவோர் இதை முதலில் நினைவிற் கொள்வாராக.

இங்கு ஒரு செய்தியை நேர்மையுடன் பிரித்துக் கூற வேண்டும். 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கற்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் கள்ளச்சாராயம் உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கு கொன்றது மெத்தனால் என்னும் தொழிற்சாலை நஞ்சு. பார்லியும் தேனும் புளிப்பதால் அத்தகைய நஞ்சு உயிரைக் கொல்லும் அளவில் உண்டாவதில்லை. ஆகவே வீட்டு பீரையும் கள்ளச்சாராயத்தையும் ஒன்றெனக் கூறிப் பயமுறுத்துவது முறையன்று. ஆயினும், அந்தத் துயரங்களுக்குப் பின் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டுள்ள நிலையில், எந்தப் பானை தீங்கற்றது என்று வீடு வீடாக நுழைந்து பரிசோதிக்கச் சர்க்காரால் இயலாது. மேற்பார்வை இல்லாத இடத்தில் நம்பிக்கைக்கு இடமில்லை.

தேன்பெட்டிக்குப் பின்னால் இருப்பவர்

இனி, ஆதரவு வேண்டும் என்று சொல்லப்படும் தேன் வளர்ப்போரைப் பார்ப்போம். திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பாதிரியார் நியூட்டன் 1911 முதல் 1917 வரை, நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற சிறு மரப்பெட்டியை அமைத்து மக்களுக்குப் பயிற்சி அளித்தார். அந்தப் பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் மார்த்தாண்டத்தில் டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் இயங்கிய ஒய். எம். சி. ஏ. கிராமப் புனருத்தாரண நிலையம் தேன் வளர்ப்பை ஏழைக் குடும்பங்களின் கைத்தொழிலாக்கியது. அதன் பயனாக அங்கு 1937-இல் தேன் வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சேலத்தில் மதுக்கடை மூடிய அதே ஆண்டில் மார்த்தாண்டத்தில் தேன் சங்கம் திறந்தது என்பது நினைவில் வைக்கத் தக்கது.

அந்த வளர்ச்சி இடையூறின்றி நடந்துவிடவில்லை. 1991, 1992 ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னாட்டில் புகுந்து, நாட்டுத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. பெட்டிகள் வெறும் மரமாக நின்றன. நோய்க்குத் தப்பிய சில கூடுகளிலிருந்து மீண்டும் பெருக்கியே இன்றைய நிலைக்கு வந்திருக்கிறோம். நாட்டுத் தேனீயின் ஒரு பெட்டி ஆண்டுக்குத் தருவது சில கிலோ தேனே. ரப்பர் மரம் தளிர்விடும் பருவத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது பத்துக் கிலோவுக்கு மேலும் செல்வதுண்டு. ஆனால் தேனீ செய்யும் பெரிய வேலை தேன் அன்று. சூரியகாந்தி, தென்னை, பூசணி, பாகல், முந்திரி முதலியவற்றில் பூவைக் காயாக்குவது அதன் பெரிய வேலை. அதற்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. தேன் விற்றால்தான் பெட்டி நிலைக்கும். பெட்டி நிலைத்தால்தான் தோட்டம் காய்க்கும். இந்தச் சங்கிலியில் தேனின் விலையே நம் கைக்கு எட்டும் கண்ணி.

அந்த விலையைக் கெடுப்பது எது? பீர்ப் பானைக்குத் தேன் போகாமல் இருப்பதா? அன்று. கலப்படமே கெடுக்கிறது. டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சந்தையிலிருந்து எடுத்த 22 மாதிரிகளில் 5 மட்டுமே எல்லாப் பரிசோதனைகளிலும் தேறின. மற்றவை அனைத்தும் சர்க்கரைப் பாகு கலந்தவை என்று அம்மையம் அறிவித்தது. பாகைத் தேன் என்று விற்பவனோடு, மெய்யான தேன் கொணரும் சிறு வளர்ப்பாளன் எவ்வாறு போட்டியிடுவான்? நெசவாளருக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. விசைத்தறித் துணி கைத்தறி என்னும் பெயரில் விற்கப்படுவதைக் கண்டு நாம் எத்தனை ஆண்டுகள் மனம் நொந்தோம்! 1985-இல் கைத்தறிக்கு ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது; 2006-இல் கைத்தறி முத்திரை வந்தது. பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள பட்டுக்கடைகளில் முத்திரை கேட்டு வாங்கும் பழக்கம் படிப்படியாக வளர்ந்திருக்கிறது. பட்டுக்குச் சரிகையைச் சோதித்துப் பார்க்கும் அதே குடும்பம், தேன் புட்டியில் எந்த மாவட்டம், எந்தச் சங்கம் என்று ஒரு முறையேனும் பார்ப்பதில்லை. மெய்யான ஆதரவு அங்கேதான் தொடங்க வேண்டும்.

புளிக்கும் தேனுக்கு ஒரு வழி

எனினும் இளைஞர்களின் யோசனையில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அதை மறுக்க நாம் விரும்பவில்லை. தேனில் நீர் 20 சதவிகிதத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. நம் நாட்டுத் தேனீயின் தேனிலோ, ஈரம் மிகுந்த காலத்திலும், தேனீக்கள் மெழுகால் அறையை மூடி முடிக்கும் முன்பே எடுக்கப்படும்போதும், நீர் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. அத்தகைய தேன் தானே புளிக்கத் தொடங்கும். காய்ச்சி நீரை வற்றச் செய்தால் மணமும் நிறமும் கெடும். இப்படி விலைபோகாமல் தேங்கும் தேனுக்கு, முறைப்படி புளிக்கவைத்த தேன்மது ஒரு வழி. அதில் தேனே முதல். நீர் சற்று மிகுந்திருப்பதும் அங்கு குற்றமாவதில்லை. பொறுமையுடன் குளிர்ந்த நிலையில் முதிரவைத்தால் தேனின் மணமும் ஓரளவு நிற்கும்.

இது வெறும் கனவன்று. மகாராஷ்டிரத்தில் புனே நகரில் உரிமம் பெற்ற தேன்மது ஆலை ஒன்று 2018-இல் விற்பனையைத் தொடங்கியது. நம் மாநிலத்திலும் சட்டத்தின் கதவு பயிரிடுவோருக்காக ஒரு முறை திறந்ததுண்டு. 2017-இல் தென்னையிலிருந்து நீரா இறக்கி விற்க அரசு விதிகளைத் திருத்தி அனுமதி அளித்தது. நீரா புளிக்காத பானம், தேன்மதுவோ புளித்தது. அந்த வேறுபாட்டை நாம் மறைக்கவில்லை. ஆனால் பயிரிடுவோரின் நன்மையைக் கருதி, மேற்பார்வையுடன் சட்டம் வழிவிட முடியும் என்பதற்கு அது சான்று.

ஆகவே நாம் கூறும் யோசனை இது. தேன் வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு, சோதனை முறையில், அளவு குறித்த உரிமம் ஒன்றை அரசு வழங்கலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் செய்முறையை வகுத்துத் தரலாம். ஆயத்தீர்வைத் துறை கணக்கைப் பார்க்கலாம். விதியின்படி விற்கத் தகுந்த நல்ல தேனை அதற்குப் பயன்படுத்தலாகாது. நீர் மிகுந்து ஒதுக்கப்பட்ட தேனையே பயன்படுத்த வேண்டும். வரும் ஆதாயம், அங்கத்தினர் ஒவ்வொருவரும் கொடுத்த தேனின் எடைக்கு ஏற்பப் பங்கிடப்பட வேண்டும். இடைத்தரகருக்கு அதில் இடம் இருக்கலாகாது.

இதனால் நாட்டில் மது பெருகாதா என்று சிலர் கேட்பர். கேட்பது நியாயமே. சில கிலோ தேன் தரும் பெட்டிகளிலிருந்து ஒதுக்கப்பட்ட தேனைக் கொண்டு பெருவெள்ளம் ஓட்ட எவராலும் இயலாது. விற்பனையும் இன்றுள்ள அரசு நிறுவனத்தின் வழியாகவே நடைபெறும்; புதிய கடை எதுவும் திறக்க வேண்டியதில்லை. இதை ஏற்க மனமில்லாத சங்கத்தை எவரும் வற்புறுத்தப் போவதுமில்லை. கள் இறக்க 1987 முதல் தடை நிற்க, ஆலை மது மட்டும் அரசின் கடையிலேயே விற்கப்படும் நாட்டில், எளிய உற்பத்தியாளனுக்கு மட்டும் கதவு அடைபட்டிருப்பது ஏன் என்னும் வினாவுக்கு எவரேனும் ஒரு நாள் விடை கூறத்தான் வேண்டும்.

நகரத்து அங்கத்தினர்க்கு

அந்த நாள் வரும் வரை மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உள்ள நம் அன்பர்கள் செய்யக்கூடியது என்ன? பீர்ப் பானையை ஏற்ற வேண்டாம். வேனிற்காலத்தில் எலுமிச்சம்பழச் சாற்றிலும் இஞ்சித் தண்ணீரிலும் வெல்லத்துக்குப் பதிலாகத் தேனைச் சேர்க்கலாம். ஸ்ரீராம நவமிப் பானகத்தில் ஒரு பங்கு தேனாக இருக்கட்டும். சூடு ஆறிய பின் சேர்த்தால் மணம் முழுவதும் நிற்கும். 19 லிட்டர் பீரில் மறைந்துபோகும் அதே 450 கிராம் தேன், ஒரு குடும்பத்துக்குப் பல நாள் நாவில் நின்று பேசும். வாங்கும்போது சங்கத்தின் பெயரையும் எடுத்த பருவத்தையும் கேட்டு வாங்குக. உறைந்து வெண்மையாகும் தேனைக் கண்டு கலப்படம் என்று ஒதுக்கற்க. ரப்பர்த் தேன் முதலிய பல நல்ல தேன்கள் இயல்பாகவே உறையும். கூட்டுறவு பண்டகசாலைகளிலும் கதர்க் கடைகளிலும் சங்கத் தேன் இல்லையெனில், இல்லாமைக்குக் காரணம் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதுக. பத்துப் பேர் கேட்டால் பலகையில் இடம் பிறக்கும்.

தேனீ தன் வாழ்நாள் முழுவதும் பறந்து சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் சிறு துளியே. அந்தத் துளியைத் துளியாகவே மதித்து, உரிய விலை கொடுத்து, உரிய பெயருடன் வாங்குவோரே தேன் வளர்ப்போரின் மெய்யான ஆதரவாளர். புளித்துப்போன தேனுக்கு வழி காண்பது சங்கத்தின் வேலை. அதற்குச் சட்டத்தில் இடம் தருவது அரசின் வேலை. நல்ல தேனைப் புளிக்கவிடாமல் காப்பது நம் அனைவரின் வேலை.